சர்ப்ரைஸ் கேன்யன் வழியே பானமின்ட் சிட்டி: கோலாலம்பூரிலிருந்து தனியாக முதுகுப்பையோடு போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

கலிஃபோர்னியாவில் டெத் வேலி தேசியப் பூங்காவின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது இந்தப் பள்ளத்தாக்கு. அடிவாரம் ஏறக்குறைய 800 மீட்டர் உயரம். உச்சியில் கைவிடப்பட்ட வெள்ளிச் சுரங்க ஊரான பானமின்ட் சிட்டி ஏறக்குறைய 1,900 மீட்டர். ஒரு வழித் தூரம் 8 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் 1,100 மீட்டர் ஏற வேண்டும். கடைசி வரை போகும் வாகனப் பாதை கிடையாது, போன் சிக்னலும் கிடையாது.

நான் தனியாகப் போய் வந்திருக்கிறேன். அதன் பிறகு இங்கிருந்து கிளம்பிய சிலருக்குத் தயாராக உதவியும் செய்தேன். எல்லோரும் இடறியது ஒரே மாதிரியான இடங்களில். நம் உடம்பும் பழக்கமும் ஈரக்காட்டில் வளர்ந்தவை. அங்கே சரியாக வேலை செய்யும் பல கணிப்புகள் பாலையில் தவறாகிவிடும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்ததைத் தீர்மானிக்கிறது.

காட்டில் ஓர் இரவாவது தனியாகத் தங்கிப் பழகாதவர்கள் இந்தப் பயணத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

1. முதலில் மாதம்

விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் மாதத்தைப் பார்த்து ஆரம்பிப்பதுதான் முதல் பிழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை நினைக்கவே வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஃபர்னஸ் கிரீக்கில் 1913 ஜூலை 10-இல் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலகப் பதிவு. பள்ளத்தாக்கு அந்த அளவுக்குச் சுடாது என்றாலும், அடிவாரத்துக்கு வரும் சாலை முழுக்க அடுப்பு மாதிரி இருக்கும்.

வெயிலை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கோடையில்தான் திடீர் இடிமழை வரும். பானமின்ட் சிட்டியின் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போனது 1876 ஜூலையில் வந்த வெள்ளம். பாறையில் நீர் ஊறாது. மேலே எங்கோ பெய்த மழை, நீங்கள் நிற்கும் குறுகலான இடத்துக்கு மொத்தமாக வந்து சேரும்.

அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் முடிய, அல்லது மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் முடிய என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் மேலே பனி விழும். முதல் முறை போகிறவருக்கு அது தேவையில்லாத சுமை.

2. விசா, லைசென்ஸ், கார்

மலேசியக் கடப்பிதழுக்கு அமெரிக்க விசா வேண்டும். ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தூதரகத்தில் நேர்காணல். அதற்குத் தேதி கிடைக்க எவ்வளவு நாளாகும் என்று பார்த்த பிறகு விமான டிக்கெட் வாங்குங்கள்.

சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே அலுவலகத்தில் அனைத்துலக ஓட்டுநர் உரிமமும் எடுத்துவிடுங்கள். நம் லைசென்ஸ் மலாயில் இருப்பதால் கார் வாடகைக்கு விடுபவர்கள் அதைக் கேட்கக்கூடும்.

கார் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. கடைசி சில கிலோமீட்டர் மண்ணும் கல்லும் கலந்த பாதை. அடிப்பாகம் உயர்ந்த வண்டியாக எடுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் மண் பாதைக்குத் தடை இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே படியுங்கள். பல ஒப்பந்தங்களில் இருக்கும், அதை மீறினால் காப்பீடு கைகொடுக்காது. உதிரி டயர் முழு அளவா, ஜாக்கி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து கண்ணால் பாருங்கள். கூரான கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்தால் சிறிய உதிரிச் சக்கரத்தை வைத்து அந்தப் பாதையில் வெளியே வர முடியாது.

அங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூன்று நாள் மலையில் தனியாக இருந்துவிட்டு, களைப்போடு காலியான சாலைக்கு வரும்போது கை தானாக இடப்பக்கம் திருப்பும். டேஷ்போர்டில் ஓர் அம்புக்குறி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

3. கால்களைத் தயார் செய்வது

புக்கிட் காசிங்கில் தினமும் நடப்பது மூச்சுக்கு நல்லது. ஆனால் இதற்குப் போதாது. கோலா குபு பாருவில் இருக்கும் புக்கிட் குத்துதான் சரியான பயிற்சி இடம். உயரம் 1,053 மீட்டர், தொடக்கத்தில் ஆற்றைக் கடக்க வேண்டும், பிறகு நிற்காத ஏற்றம். உச்சியில் பழைய பங்களாவின் புகைபோக்கி மட்டும் நிற்கும். பானமின்ட் சிட்டியிலும் கடைசியில் உங்களை வரவேற்பது ஒரு செங்கல் புகைபோக்கிதான். அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

முதல் வாரம் 8 கிலோ, பிறகு 11, கடைசி இரண்டு முறை 15 கிலோ. எடைக்குத் தண்ணீர்ப் போத்தல்களையே வையுங்கள். அங்கே நீங்கள் உண்மையில் சுமக்கப்போவது அதைத்தான். முதுகில் தண்ணீர் அசையும்போது பாறையில் கால் எப்படித் தடுமாறுகிறது என்பது அப்போதுதான் புரியும்.

நனைந்த காலணியோடு நாலு மணி நேரம் நடந்து பாருங்கள். பாலைவனம் என்றதும் பலர் கனமான தோல் பூட்ஸ் வாங்குகிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பாதியில் ஓடை ஓடுகிறது, அதற்குள்ளேயேதான் நடக்க வேண்டும். சீக்கிரம் காயும், ஈரப்பாறையில் பிடிக்கும் காலணிதான் வேண்டும்.

4. வீட்டில் ஒருவர், கையில் ஒரு தாள்

தனியாகப் போகிறவரின் உயிர் இந்தத் தாளில் இருக்கிறது. இதில்தான் அதிகமானோர் சறுக்குகிறார்கள்.

கலிஃபோர்னியா நேரம் நமக்குப் பின்னால் 15 மணி நேரம். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 16 மணி நேரம். நல்ல பருவத்தின் நடுவிலேயே கடிகாரம் மாறுகிறது. நான் தயார் செய்த ஒருவர் தன் அக்காவிடம் “சனிக்கிழமை சாயங்காலம் மெசேஜ் போடுவேன்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய சனிக்கிழமை மாலை 4 மணி இங்கே ஞாயிறு காலை 7 மணி. அந்த இரவு முழுக்க அக்கா தூங்கவில்லை. அதனால் தாளில் எல்லா நேரத்தையும் இரண்டு ஊர்க் கணக்கிலும் எழுதுங்கள்.

தாளில் இருக்க வேண்டியவை: காரின் நிறமும் எண்ணும், கார் நிற்கும் இடத்தின் பெயர், போகும் வழி, எந்த நாள் எங்கே தூங்குகிறீர்கள், எந்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் உதவி கூப்பிட வேண்டும் என்ற ஒரே ஒரு கடைசி நேரம். அந்த நேரத்தைத் திரும்பும் நேரத்திலிருந்து ஆறு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். இல்லையென்றால் மெதுவாக இறங்கியதற்கே தேடும் குழு வந்துவிடும்.

இன்னொன்று. கோலாலம்பூரிலிருந்து 911 அழைத்தால் கலிஃபோர்னியாவுக்குப் போகாது. அந்த இடம் இன்யோ கவுன்ட்டியில் இருக்கிறது. இன்யோ கவுன்ட்டி ஷெரிஃப் அலுவலகத்தின் நேரடித் தொலைபேசி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு அந்தத் தாளில் எழுதி வையுங்கள்.

செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி கட்டாயம். கிளம்பும் முன் வீட்டு வாசலிலிருந்தே ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். பள்ளத்தாக்கின் குறுகலில் வானம் ஒரு கீற்றுதான் தெரியும். செய்தி போக நெடுநேரம் ஆகலாம், போகாமலும் இருக்கலாம். அதனால் குறுகலுக்கு முன்னால் ஒன்று, அகன்ற மேல்பகுதியில் ஒன்று என்று திட்டமிடுங்கள்.

5. எதை இங்கே வாங்குவது, எதை அங்கே

உணவை இங்கேயே கட்டிக்கொள்ளலாம். ஆனால் இறைச்சி கலந்த எதுவும் வேண்டாம், கோழிச் சுவை மீ பொட்டலம் உட்பட. அமெரிக்கச் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். உணவு இருக்கிறது என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அரிசியும் பருப்பும் சரிவராது. 1,900 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக எரிவாயு தீரும் வரை காத்திருக்க வேண்டும். கெட்டி அவல்தான் என் தேர்வு. பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் கிடைக்கும். புளிக்காய்ச்சல் பொடியும் வறுத்த வேர்க்கடலையும் கலந்து ஒவ்வொரு வேளைக்கும் தனிப்பையில் கட்டுங்கள். சுடுநீரை ஊற்றி மூடி, பையைச் சட்டைக்குள் பத்து நிமிடம் வைத்தால் அவல் மலர்ந்துவிடும், உங்கள் வயிற்றுக்கும் சூடு. உப்பு தாராளமாக இருக்கட்டும்.

எரிவாயுவை விமானத்தில் கொண்டுபோக முடியாது. நாம் இங்கே பயன்படுத்தும் நீளமான பியூட்டேன் டப்பா அடுப்பையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நீர் உறையும் குளிரில் பியூட்டேன் ஆவியாகாது. இரவில் அடுப்பு எரியாது. திருகுமரை உள்ள சின்ன அடுப்பைக் கொண்டுபோய், அதற்கான ஐசோபியூட்டேன் கலந்த டப்பாவை ரிட்ஜ்கிரெஸ்ட்டில் வாங்குங்கள். பெட்ரோல், குடிநீர், விட்டுப்போன சாமான் எல்லாவற்றுக்கும் கடைசிப் பெரிய ஊர் அதுதான்.

உயரத்தில் கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரத்துக்குச் சற்றுக் குறைவுதானே என்று குளிராடையைக் குறைக்காதீர்கள். கேமரனில் மேகம் போர்வையாக மூடும். இங்கே வானம் திறந்து கிடப்பதால் பகல் சூடு முழுக்க இரவில் மேலே போய்விடும். உறைநிலைக்குக் கீழே 5 டிகிரி வரை தாங்கும் தூக்கப்பை வேண்டும்.

இவற்றோடு ஆறு மீட்டர் மெல்லிய கயிறு, இரண்டு தலைவிளக்கு, காகித வரைபடம். வரைபடத்தில் உயரம் அடிக்கணக்கில் இருக்கும். முக்கியமான இடங்களின் உயரத்தை மீட்டரில் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

6. தண்ணீர்க் கணக்கு

இதை எழுதத்தான் இந்த வழிகாட்டியையே ஆரம்பித்தேன்.

புக்கிட் குத்துவில் சட்டையைப் பிழிந்தால் வேர்வை சொட்டும். எவ்வளவு இழந்தோம் என்று உடம்பு நமக்குக் காட்டிவிடும். பாலையில் வேர்வை தோலை விட்டு வெளியே வந்த கணமே ஆவியாகிறது. சட்டை காய்ந்தே இருக்கும். கிள்ளானிலிருந்து போன தம்பி ஒருவர் அன்றிரவு செய்தி அனுப்பினார்: “தாகமே எடுக்கலண்ணே, ஆனா தலை பிளக்குது.” காலை முழுக்க அவர் குடித்தது அரை லிட்டர். கறுப்புச் சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு போட்டிருந்ததை, சட்டையைக் கழற்றிய பிறகுதான் பார்த்திருக்கிறார்.

அதனால் தாகத்தை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நாலு வாய். சிறுநீர் மஞ்சளானால் அங்கேயே நின்று குடியுங்கள். ஒரு நாளுக்கு 4 லிட்டர் என்பது குறைந்த அளவு.

அடுத்தது, எங்கே நிரப்புவது. ஓடை கீழ்ப்பாதியில் மட்டும்தான். லைம்கில்ன் ஊற்று, அதற்கு மேல் புருவரி ஊற்று. அதைத் தாண்டினால் வில்லோ மரங்கள் முடிந்துவிடும், பள்ளத்தாக்கு அகலும், கால் அடியில் சரளைக்கல் மட்டும் இருக்கும். அந்த மாற்றம் கண்ணில் பட்டால் கடைசித் தண்ணீரைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், போத்தல்களை நிரப்பவில்லையென்றால் ஊற்றுக்குத் திரும்பி இறங்குங்கள். மேலே ஊரில் குழாயில் சில சமயம் தண்ணீர் வரும் என்பார்கள். வந்தால் நல்லது, ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடிவாரத்தில் 2 லிட்டரோடு கிளம்புங்கள். கீழ்ப்பாதியில் ஓடையிலிருந்து வடிகட்டிக் குடித்துக்கொண்டே வரலாம், சுமை குறைவு. புருவரி ஊற்றில் 6 லிட்டர் நிரப்புங்கள்: மீதி ஏற்றத்துக்கு 1, சமையலுக்கு 2, இரவுக்கு 1, மறுநாள் இறக்கத்துக்கு 1, கைவிடாத இருப்பு 1. முதலிலேயே 6 லிட்டரையும் சுமந்து ஏறியவர்களும் உண்டு. ஊற்றைத் தாண்டுமுன்பே அவர்கள் கால் ஓய்ந்துவிட்டது.

காட்டுக் கழுதைகள் திரியும் இடம், எனவே எந்தத் தண்ணீரையும் வடிகட்டாமல் குடிக்காதீர்கள். ஆனால் வடிகட்டி கிருமியைத்தான் நிறுத்தும். தண்ணீரில் கரைந்த காரீயத்தையும் ஆர்சனிக்கையும் நிறுத்தாது. சுரங்க வாய்க்கு அல்லது நிறம் மாறிய கழிவுமண் குவியலுக்குக் கீழே தேங்கிய தண்ணீரைத் தொடவே வேண்டாம்.

நம் ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்று: வடிகட்டிக்குள் இருக்கும் ஈரம் இரவில் உறைந்தால் உள்ளே இழைகள் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், கிருமியும் கூடவே வரும். இரவில் வடிகட்டியைத் தூக்கப்பைக்குள் வைத்துத் தூங்குங்கள். குளோரின் மாத்திரையும் ஒரு பட்டை இருக்கட்டும்.

7. அடிவாரம் வரை

முந்தின நாள் ரிட்ஜ்கிரெஸ்ட்டில் தங்குங்கள். கீழ்ப்பகுதி நில மேலாண்மைப் பணியகத்தின் கையில், மேல்பகுதி தேசியப் பூங்காவின் கையில் இருக்கிறது. இரவு தங்கும் அனுமதி, சாலை நிலவரம் இரண்டையும் இருவரிடமும் கேளுங்கள். 2023 ஆகஸ்டில் ஹிலாரி புயலின் மழைக்குப் பிறகு பூங்கா சுமார் இரண்டு மாதம் மூடிக்கிடந்தது. பழைய பயணக்குறிப்பை நம்பி வண்டியை எடுக்காதீர்கள்.

ட்ரோனா வழியாக வடக்கே போய், பாலராட் என்ற பாழூருக்குத் திரும்பி, அங்கிருந்து இந்தியன் ராஞ்ச் பாதையில் வடக்கே ஏறக்குறைய 3 கிலோமீட்டர். வலப்பக்கம் பிரியும் பாதை 6 கிலோமீட்டரில் கிறிஸ் விக்ட் முகாமில் முடியும். கார் அங்கே நிற்கும். கார்ச் சாவியைப் பையின் உள்ஜிப்பில் கொக்கியில் மாட்டுங்கள். கால்சட்டைப் பையில் வைத்து ஓடைக்குள் நடக்காதீர்கள்.

8. ஏறும் நாள்

வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள். பள்ளத்தாக்கு மேற்கே திறந்தது, காலையில் நெடுநேரம் நிழல் இருக்கும். பிற்பகல் வெயில் நேராக உள்ளே விழும். பையோடு ஏற 5 முதல் 7 மணி நேரம் ஆகும். திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். பிற்பகல் 1 மணிக்குள் புருவரி ஊற்றுக்கு வரவில்லையென்றால் அன்று மேலே போக வேண்டாம். தண்ணீரிலிருந்து 100 கெஜம் விலகி, வெள்ளப் பாதைக்கு வெளியே மேடான இடம் பார்த்துப் படுத்துவிட்டு மறுநாள் முடிவு செய்யுங்கள்.

முதலில் குறுகல் வரும். நீர் வழவழப்பாக்கிய வெளிர்ப் பாறையில் சின்னச் சின்ன அருவிகள். காலணி நனையாமலிருக்க ஓரச் சரிவில் ஏறிச் சுற்றப் பார்க்கிறார்கள். அங்கே கல் உதிரும், விழுந்தால் தூக்க ஆளில்லை. நேராகத் தண்ணீருக்குள் இறங்கிவிடுங்கள். உயரமான படியில் பையைக் கழற்றிக் கயிற்றில் கட்டிவிட்டு, வெறுங்கையோடு ஏறிப் பிறகு பையை இழுங்கள்.

அப்புறம் வில்லோப் புதர். பாதை பலவாகப் பிரியும், எல்லாம் மீண்டும் சேரும். கைநீளச் சட்டை போடுங்கள், கைவைக்கும் இடத்தை முதலில் பாருங்கள். விரியன் வகைப் பாம்பு உண்டு.

மேல்பாதி சலிப்பான சரளை. வீட்டு அடித்தளக் கற்சுவர்கள் தெரிய ஆரம்பித்ததும் வந்துவிட்டோம் என்று தோன்றும், இன்னும் கிலோமீட்டர் கணக்கில் இருக்கும். அந்த ஊர் பள்ளத்தாக்கோடு நீளமாக இருந்தது. புகைபோக்கியும் கண்ணுக்குக் கிட்டத்தில் தெரிந்து காலுக்குத் தள்ளிப் போகும். இருப்புத் தண்ணீரை இங்கே குடித்துவிடாதீர்கள்.

9. சுரங்கத்துக்குள் போகாதீர்கள்

கோலாலம்பூரே வெள்ளீயத்தால் எழுந்த ஊர். ஆனால் நமக்குப் பழக்கமானவை வெள்ளீயம் தோண்டிய குட்டைகள், கரையில் நின்று பார்க்கலாம். இங்கே இருப்பவை மலைக்குள் குடைந்த துளைகள். வெயிலில் வந்தவருக்கு வாயிலில் முகத்தில் படும் குளிர்காற்றே உள்ளே கூப்பிடும்.

தட்டையாகத் தெரியும் தரை சில இடங்களில் மண் மூடிய பலகையாக இருக்கும். அதன் அடியில் நேர்குத்தான குழி. நூறு வருடத்துக்கு மேற்பட்ட மரம் உங்கள் எடையைத் தாங்காது. பிராணவாயு குறைந்த காற்றுக்கு வாசனை கிடையாது, தலை சுற்றும்போது திரும்ப நேரமிருக்காது. பழைய வெடிமருந்தும் கிடக்கலாம். வெளியே நின்று பாருங்கள், ஒரு காலைக்கூட உள்ளே வைக்காதீர்கள். ஆணி, கண்ணாடித்துண்டு எதையும் எடுத்து வராதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

10. இரவு

சில குடிசைகள் நிற்கின்றன. நான் உள்ளே தூங்குவதில்லை. எலிப் புழுக்கையிலிருந்து கிளம்பும் தூசியில் ஹான்ட்டா வைரஸ் இருக்கலாம், நுரையீரலைத் தாக்கிக் கொல்லும் நோய். பெருக்கினால்தான் தூசி இன்னும் எழும். மேட்டில் சொந்தக் கூடாரம் போடுங்கள், வறண்ட ஓடைத்தடத்தில் போடாதீர்கள். 1876 வெள்ளம் போன வழி அதுதான்.

நெருப்பு மூட்ட அனுமதி இல்லை. மலத்தை நீரிலிருந்து தள்ளி ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள், காகிதத்தைத் திரும்ப எடுத்து வாருங்கள். இந்த மண்ணில் அது மக்காது.

11. இறங்குவது

வழுக்கி விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஏறும்போது கைப்பிடி கண்ணுக்கு நேரே இருந்தது, இப்போது காலுக்குக் கீழே மறைந்திருக்கும். அருவிப் படிகளில் முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, பையை முதலில் கயிற்றில் இறக்கிவிட்டு இறங்குங்கள். 3 முதல் 4 மணி நேரம் ஆகும். மேகம் கறுத்தால் குறுகலுக்குள் நுழையாமல் மேடான இடத்தில் காத்திருங்கள். விமானத்தைத் தவறவிடலாம், பரவாயில்லை. திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் ஒரு காலி நாள் வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

காருக்கு வந்ததும் நாலு டயரையும் சுற்றிப் பாருங்கள். பிறகு வண்டியைக் கிளப்பும் முன் செயற்கைக்கோள் கருவியில் வீட்டுக்கு ஒரு வரி: “கீழே வந்துட்டேன்க்கா.” நேரம் இரண்டு ஊர்க் கணக்கிலும்.